பகலில் தெரிந்த அருந்ததி

சில ஆண்டுகளுக்கு முன், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த திருமணத்திற்குத் தில்லியிலிருந்து நாம் சென்றிருந்தோம். வைகாசித் திங்கள், முற்பகல் பத்து மணி. தாலி கட்டி முடிந்தது. மணமகள் அம்மி மிதித்தாள். பின்னர்ப் புரோகிதர் மணமக்களை வாயிலுக்கு அழைத்துச் சென்று, வெயில் பொழியும் வானத்தைச் சுட்டி, ‘அருந்ததி தெரிகிறதா?’ என்று வினவினார். இருவரும் கண்களைச் சுருக்கி மேலே நோக்கினர். ‘தெரிகிறது’ என்று தலையசைத்தனர். சுற்றி நின்றோர் புன்னகை பூத்தனர். எத்தனையோ திருமணங்களில் நாம் கண்ட காட்சிதான் இது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதாக எவரும் கருதுவதில்லை.

அன்று மட்டும் ஒரு சிறு புதுமை நேர்ந்தது. நம்முடன் தில்லியிலிருந்து வந்திருந்த உறவினரின் மகள், பதின்மூன்று வயதுச் சிறுமி, தன் தந்தையின் செல்பேசியை வாங்கி வானை நோக்கிப் பிடித்தாள். நான்கு திசையிலும் திருப்பினாள். முடிவில் வடக்கு நோக்கி நின்று, அதனைத் தரைப்பக்கம் சாய்த்தாள். ‘அருந்ததி மேலே இல்லை, மாமா, கீழே இருக்கிறது’ என்றாள். நாம் குனிந்து பார்த்தோம். திரையில், வாயிற் கோலத்தின்மேல் ஏழு விண்மீன்கள் கோடுகளால் இணைக்கப்பெற்று ஒளிர்ந்தன. அவற்றின் அருகே பெயர்களும் எழுதப்பட்டிருந்தன. புரோகிதரும் எட்டிப் பார்த்தார். சினங்கொள்வார் என்று நாம் எண்ணினோம். அவரோ நகைத்து, ‘சரிதான் குழந்தை. இருட்டிய பிறகு மாடிக்குப் போய்ப் பார். வடக்கே உயர்ந்து நிற்பாள்’ என்றார்.

அன்று காலை அருந்ததியைக் கண்டவர் யார்? ‘தெரிகிறது’ என்ற மணமக்கள் காணவில்லை. சிறுமி கண்டாளா? அவள் கூறியது முற்றிலும் உண்மை. வைகாசியின் முற்பகலில் தமிழ்நாட்டில் அவ்விண்மீன் அடிவானத்திற்குக் கீழேதான் இருக்கும். ஆயினும் அவள் கண்டது விண்மீனையா, விண்மீன் இருக்கும் இடத்தையா? அன்று எழுந்த இவ்வினா நம்மை விட்டு இன்னும் அகலவில்லை. ஆசிரியரின் சுட்டுவிரலுக்குத் துணையாகச் செல்பேசி வகுப்பறைக்குள் புகுந்துவரும் இக்காலத்தில், இது திருமண வீட்டு வினா மட்டும் அன்று. கல்வியைப் பற்றிய வினாவும் ஆகும்.

‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்று உலகம் வழங்கும் இக்கலையைத் தமிழில் ‘மிகை மெய்ம்மை’ என்பர். கண்முன் உள்ள உண்மைக் காட்சியின்மேல், கணிப்பொறி வரையும் உருவங்களைப் பொருத்திக் காட்டுவது இதன் இயல்பு. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து, கூரையிலிருந்து தொங்கிய கருவியொன்றைத் தலையில் பொருத்தி, அறையின் நடுவே கோட்டுருவங்கள் மிதப்பதைக் காட்டினார். 1990-களின் தொடக்கத்தில், போயிங் விமான நிறுவனத்தில் கம்பித் தொகுதிகளைப் பொருத்தும் தொழிலாளர்க்கு உதவும் முயற்சியில் ஈடுபட்டிருந்த டாம் காடெல் என்பார் இப்பெயரை வழங்கினார் என்பர். 2016-இல் ‘போக்கிமான் கோ’ என்னும் விளையாட்டு இதனைத் தெருவுக்குக் கொணர்ந்தது. ஆப்பிள் நிறுவனம் 2017-இலும், கூகுள் நிறுவனம் 2018-இலும் வெளியிட்ட மென்பொருள்களால் இது செல்பேசிக்குள் உறுதியாக நிலைகொண்டது. 2020-இல் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது, வீட்டுக் கூடத்தில் ஒரு புலியை நிறுத்திப் பார்த்து மகிழ்ந்த சிறுவர் பலர்.

கருவி இதனை எவ்வாறு செய்கிறது? மேசைமீது இதயம் ஒன்றை நிறுத்திக் காட்டும் செயலியை எடுத்துக்கொள்வோம். செல்பேசியின் படக்கருவி, மேசையின் மூலை, மரத்தின் வரி, கிடக்கும் புத்தகத்தின் விளிம்பு ஆகிய புள்ளிகளைத் தேர்ந்து, அவை நொடிக்கு நொடி எவ்வளவு நகர்ந்தன என்று பார்க்கிறது. கை எப்பக்கம் சாய்ந்தது, எவ்வளவு விரைந்தது என்பதை உள்ளிருக்கும் நுண்ணிய உணரிகள் தெரிவிக்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு, கை எங்கே நகர்ந்தாலும் இதயம் அசையாமல் மேசைமீதே நிற்பதுபோல வரைகிறது. விண்மீன் செயலியோ மேலே பார்ப்பதே இல்லை. நாம் நிற்கும் இடம், அப்போதைய நேரம், காந்தமுள் காட்டும் திசை, கருவியின் சாய்வு ஆகிய நான்கையும் கொண்டு, விண்மீன் பட்டியலிலிருந்து கணக்கிட்டு எழுதுகிறது. அதனாற்றான் பகலிலும் காட்டுகிறது. முகிலைக் கடந்தும், கோலமிட்ட தரையைக் கடந்தும் காட்டுகிறது. அன்று சிறுமியின் கையிலிருந்தது ஒளிவீசும் ஒரு பஞ்சாங்கம் என்று சொன்னாலும் பிழையாகாது.

இனி நம் முன்னோர் வகுத்த அளவைகளை நினைவு கொள்வோம். ஒன்றை அறிந்தோம் என்பதற்கு எது சான்று என்பதை மணிமேகலையும் ஆராய்கிறது; சிவஞான சித்தியாரும் ஆராய்கிறது. அளவைகள் பலவாயினும், காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் அவற்றை அடக்குவர். நேரே கண்டறிவது காண்டல். புகை கண்டு நெருப்பு உண்டு எனத் தெளிவது கருதல். அறிந்தோர் கூற நம்புவது உரை. மேசைமீது துடிக்கும் இதயம் இம்மூன்றனுள் எது? கண்ணுக்குத் தெரிவதால் காண்டல் என்று தோன்றும். ஆனால், அதன் அளவை, நிறத்தை, துடிப்பை யாரோ ஒருவர் வகுத்தார். யாரோ ஒருவர் வரைந்தார். அவர் அறிந்ததைத்தான் நாம் பெறுகிறோம். ஆகவே அது உரை. காண்டலின் உடையை உடுத்திவந்த உரை.

உரை இழிந்ததன்று. நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி பிறர் உரைத்ததே. ஆனால் உரையைக் கேட்பவர் ‘உரைத்தவர் யார், எப்படி அறிந்தார்’ என்று வினவ இடமுண்டு. கண்ணால் கண்டதை யாரும் அவ்வாறு வினவுவதில்லை. ‘என் கண்ணால் பார்த்தேன்’ என்பதோடு வழக்கு முடிந்துவிடுகிறது. கேட்டறிந்த ஒன்று கண்டறிந்ததுபோல உள்ளத்தில் குடியேறும்போது, வினவும் உரிமையைக் கற்பவன் தன்னை அறியாமலே இழக்கிறான். மிகை மெய்ம்மையைப் பற்றி நாம் கொள்ளும் கவலை இதுவே.

படங்கள் காட்டிக் கற்பிப்பது புதியதன்றே என்று சிலர் கேட்கலாம். கொமீனியஸ் என்னும் கல்வியாளர் 1658-இல் குழந்தைகளுக்கெனப் படங்களோடு ஒரு பாடநூலை வெளியிட்டார். அன்று தொட்டுப் படமில்லாத பள்ளிநூல் அரிது. அப்படங்களிலும் பொய் உண்டு. உடற்கூற்றுப் படத்தில் சிரைகளுக்கு நீல நிறம் தீட்டுவர். சிரையில் ஓடும் குருதி நீலம் அன்று, கருஞ்சிவப்பே. ஆயினும் தாளில் வரைந்த படம், தான் படம் என்பதைத் தானே ஒப்புக்கொள்கிறது. அது தட்டையாகக் கிடக்கிறது, மைவாசம் வீசுகிறது, பக்கத்தைப் புரட்டினால் மறைகிறது. மிகை மெய்ம்மை அந்த ஒப்புதலை நீக்கிவிட முயல்கிறது. நம் வீட்டு மேசையில் நிற்கிறது, நிழல்கூட விழுகிறது, சுற்றிவந்தால் பின்புறமும் தெரிகிறது. உருவத்தை அமைப்பவரின் திறமை வளர வளர, உண்மையும் வரைவும் சேரும் தையல் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

அப்படியாயின் இதனை விலக்கிவிடலாமா? அன்று இரவு நிகழ்ந்தது நமக்கு வேறு விடை தந்தது.

புரோகிதர் சொன்னபடியே, எட்டு மணிக்குமேல் சிலர் மொட்டைமாடிக்குச் சென்றோம். மணமக்களும் வந்தனர், மணமகளின் பாட்டியாரும் கைத்தாங்கலாகப் படியேறி வந்தார். சிறுமி செல்பேசியை உயர்த்தி, ‘இதோ, இங்கே!’ என்றாள். திரையில் பெயர் தெளிவாகத் தெரிந்தது. செல்பேசியைத் தாழ்த்தியதும் அவள் முகம் வாடியது. வானம் முழுவதும் மீன்கள். எது என்று அவளுக்குத் தெரியவில்லை. மீண்டும் உயர்த்தினாள், மீண்டும் தாழ்த்தினாள். பாட்டியார் பொறுத்திருந்து, ‘அந்த வெளிச்சத்தை முதலில் அணை, கண்ணு. கொஞ்ச நேரம் இருட்டிலேயே இரு’ என்றார்.

அவர் கூற்றில் அறிவியல் உண்டு. இருளுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் வேண்டும். ஒளிமிக்க திரையை ஒருமுறை நோக்கினால் அப்பழக்கம் கலைந்துவிடும். வானைக் காட்டும் கருவியே வானைக் காணத் தடையாகவும் நிற்கிறது. அதனை அணைத்த பின்னர்ப் பாட்டியார் தொடங்கினார்: ‘நாலு மூலைக்கு நாலு, பெட்டி மாதிரி இருக்கிறதா? அதற்கு வால் மாதிரி மூன்று. அந்த மூன்றில் நடுவில் இருப்பதுதான் அருந்ததி.’ சிறுமி கண்டுகொண்டாள், துள்ளினாள். சற்றுப் பொறுத்துப் பாட்டியார் சொன்னார்: ‘அது இல்லை. அது வசிட்டர். அதை ஒட்டினாற்போல் பொடியாக ஒன்று தெரிகிறதா பார். அதுதான் அவள்.’

நாம் வியந்து நின்றோம். வடமொழியாளர் ‘தூலாருந்ததி நியாயம்’ என்று ஒன்றைக் கூறுவர். சங்கரர் தம் பிரமசூத்திர உரையில் அதனை எடுத்தாள்கிறார். நுண்ணிய அருந்ததியைக் காட்ட விரும்புவோன், அதன் அருகிலுள்ள பெரிய மீனை முதலில் அருந்ததி என்பான். கண் அங்கே நிலைத்தபின் அதனை மறுத்து, உண்மை அருந்ததியைக் காட்டுவான். அந்த நியாயத்தின் பெயரையும் அறியாத மூதாட்டியார், அதனை நம் கண்முன் நிகழ்த்திக் காட்டினார்.

முதலிற் சொன்னது பொய்தான். ஆனால் அப்பொய்யை யாரும் பழிப்பதில்லை. ஏன்? இரண்டு காரணங்களை நாம் காண்கிறோம். அது உண்மைக்கு மிக அருகில் இருந்தது; கற்பவரின் கண்ணை அப்பக்கம் திருப்பியது. அடுத்து, அதைச் சொன்னவரே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் அது ஏமாற்று ஆகிவிடும். தெற்கே ஒரு மீனைச் சுட்டி அருந்ததி என்றிருந்தால் முதலாவது பொய்க்கும். வசிட்டரோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இரண்டாவது பொய்க்கும். சிறுமி வாழ்நாள் முழுவதும் தவறான மீனை நம்பியிருப்பாள்.

செல்பேசியும் அன்று செய்தது இதுவே என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். செல்பேசியின் காந்தமுள் சில பாகை பிழைபடுவது இயல்பு. வசிட்டனுக்கும் அருந்ததிக்கும் இடையே வானில் தோன்றும் இடைவெளியோ ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்கு. முழுமதியின் விட்டத்தில் பாதிக்கும் குறைவு. ஆகவே, அக்கருவி எத்துணைத் தெளிவாகப் பெயர் எழுதினாலும், அது சுட்டும் இடத்தில் இவ்விரு மீன்களையும் பிரித்தறிய இயலாது. வானத்தின் அப்பகுதிக்கு நம்மை அழைத்துச் செல்வது வரையே அதன் பணி. எஞ்சிய ஐந்தில் ஒரு பாகையைக் கண்தான் கடக்க வேண்டும்.

இங்கே நாம் வேண்டிய அளவுகோல் கிடைத்துவிடுகிறது. மிகை மெய்ம்மையால் காட்டப்பெறும் உருவம் உண்மைக்கு அருகில் உள்ளதா? காட்டியபின் அது விலக்கப்படுகிறதா? ஆசிரியர் இவ்விரு வினாக்களையும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

ஞாயிற்றுக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வகுப்பறை நடுவே ஞாயிறும் கோள்களும் மிதந்து சுழலும் காட்சி, குழந்தைகளுக்குப் பெருமகிழ்ச்சி தருவது. ஆனால் அறைக்குள் அடங்கவேண்டி எல்லாவற்றையும் நெருக்கி வைத்திருப்பர். ஞாயிற்றை ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டையாகக் கொண்டால், பூமி ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அளவினதாய், 107 மீட்டர் தொலைவில் இருத்தல் வேண்டும். அக்காட்சியோடு பாடம் முடிந்தால், வசிட்டரைக் காட்டி அருந்ததி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனதாக முடியும். ஆனால் நல்லாசிரியர் ஒருவர் மாணவரை வெளியே அழைத்துச் சென்று, பள்ளி வாயிலில் ஞாயிற்றை நிறுத்திவிட்டு, ‘நூற்றேழு மீட்டர் நடந்து போய் ஒரு சிறு மணியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்’ என்று சொல்லலாம். கையிலுள்ள செல்பேசி அவ்வளவு தூரமும் உடன்வரும். சுவரில் தொங்கும் படம் வாராது. நடந்த கால்கள் அத்தொலைவை மறவா. தமிழில் ‘மெய்’ என்னும் சொல் உண்மையையும் உடம்பையும் ஒருங்கே குறிப்பது இங்கே எண்ணத்தக்கது.

இதயத்திற்கும் இதுவே முறை. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில், நான்கு அறைகளையும் திறந்து காட்டும் ஓர் உருவம் பேருதவிதான். அதனை நாம் குறைத்துப் பேசவில்லை. காட்டி முடித்ததும் திரையை அணைத்துவிட்டு, ‘இப்போது களிமண்ணில் செய்து காட்டு’ என்று ஆசிரியர் சொல்லவேண்டும். பிறகு, ‘நாம் பார்த்ததில் எது அப்படியே உண்மை, எது நமக்காக வரைந்தது?’ என்று கேட்க வேண்டும். நீலக் குருதியைப் பற்றி அப்போது ஒரு மாணவனாவது ஐயுறுவான். அவ்வையம் தோன்றிய கணத்தில்தான் உரை மீண்டும் உரையாகிறது. வினவும் உரிமை அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறது.

இதில் நீதி பற்றிய ஒரு கூறும் உண்டு. மிகை மெய்ம்மைச் செயலிகள் எல்லாச் செல்பேசிகளிலும் இயங்குவன அல்ல. விலை குறைந்தவற்றுள் பல அவற்றை ஏற்பதில்லை. வீட்டுக்கு ஒரு செல்பேசியே உள்ள இடத்தில், அது தந்தையோடு காலையில் வேலைக்குப் போய்விடும். வகுப்பில் ஒருவன் பிடித்திருக்க, பத்துப்பேர் தோளுக்குமேல் எட்டிப்பார்ப்பதே பல இடங்களில் நடைமுறை. அறிவு திரையிலேயே தங்கிவிடுமாயின், அது திரையை உடையவனுக்கு மட்டும் உரியதாகும். திரையிலிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து விரலுக்கும் இறங்கிவிட்டால், எல்லோர்க்கும் பொதுவாகும். அன்று இரவு அச்சிறுமி, கீழே விளையாடிக்கொண்டிருந்த ஊர்ப்பிள்ளைகளை மாடிக்கு அழைத்துவந்தாள். செல்பேசி அவள் தந்தையிடம் போய்விட்டிருந்தது. ‘பெட்டி மாதிரி நாலு, வால் மாதிரி மூன்று’ என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள்.

மணமகனைப் பற்றியும் கூறவேண்டும். கண்ணாடி அணிந்த அவ்விளைஞர் நெடுநேரம் நோக்கினார். வசிட்டர் தெரிந்தார், அருந்ததி தெரியவில்லை. ‘எனக்குத் தெரியவில்லை, பாட்டி’ என்று ஒப்புக்கொண்டார். காலையில் அத்தனை பேர் முன்னிலையில் ‘தெரிகிறது’ என்றவர் அவரே. மணமகள் சிரித்தாள், தனக்குத் தெரிந்த இடத்தை அவருடைய தோளருகே சாய்ந்து சுட்டினாள். அருந்ததி காட்டும் சடங்கு அப்போதுதான் உண்மையாக நிறைவேறியது என்று நமக்குத் தோன்றிற்று.

தில்லி திரும்பியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சிறுமியை ஜந்தர் மந்தருக்கு அழைத்துச் சென்றோம். இரண்டாம் சவாய் ஜயசிங் 1724-இல் எழுப்பிய வான் ஆய்வுக்கூடம் அது. சுவரும் படியுமாக நிற்கும் அக்கருவிகளுள் எதுவும் தானாக ஒன்றையும் சொல்லாது. சாய்ந்த சுவர் பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கும். அதன் நிழல் வளைந்த மேடையில் எங்கே விழுகிறது என்று பார்ப்பவரே படித்தறிய வேண்டும். ஜயப்பூரில் உள்ள பெருங்கருவியில் அந்நிழல் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகரும் என்று அவளிடம் கூறினோம். அவள் நிழலின் ஓரத்தில் விரலை வைத்து, அது கடந்துபோகும் வரை பேசாமல் நின்றாள்.

அன்று இரவு அவர்கள் வீட்டு மாடியில் வடக்கு நோக்கி நின்றோம். நகரின் ஒளியும் புழுதியும் வானைப் போர்த்தியிருந்தன. எழுவரில் சிலரே மங்கலாகத் தெரிந்தனர். அவள் செல்பேசியை ஒருமுறை உயர்த்தித் திசையைப் பார்த்தாள். உடனே அணைத்துவிட்டு இருளில் காத்திருந்தாள். திரை, அருந்ததியின் பெயரை ஐயமின்றி எழுதிக் காட்டியிருந்தது. கால்மணிக்கும் மேலாக நோக்கியபின் அவள் சொன்னாள்: ‘வசிட்டர் இருக்கிறார், மாமா. அவளும் அங்கேதான் இருப்பாள். ஆனால் இன்றைக்கு நான் பார்க்கவில்லை.’

கண்டதைக் கண்டேன் என்றும், கேட்டதைக் கேட்டேன் என்றும், காணாததைக் காணவில்லை என்றும் பிரித்துச் சொல்ல ஒரு குழந்தைக்குத் தெரிந்துவிட்டால், அதன் கையில் எந்தக் கருவியைக் கொடுக்கவும் நாம் அஞ்சவேண்டுவதில்லை.